கொசுவின் இனம் கண்ட வரலாறு

மாலைப் பொழுதில் விளக்கேற்றியதும் காதருகே ரீங்காரமிட்டு வரும் கொசுவை அறியாதார் நம் நாட்டில் இல்லை. தமிழகத்தில் நாம் அதனைக் கொசு என்கிறோம். இலங்கைத் தமிழர் நுளம்பு என்பர். எச்சொல்லால் அழைப்பினும், நோய் தரும் கொசு, நோய் தராத கொசு, மனிதரை நாடும் கொசு, மாட்டை நாடும் கொசு ஆகிய அனைத்தையும் அந்த ஒரு சொல்லுக்குள் நாம் அடக்கிவிடுகிறோம். கையால் அடித்து வீழ்த்துவதற்கு முன் அதன் குலத்தையும் கோத்திரத்தையும் எவரேனும் விசாரிப்பதுண்டா?

அவ்வாறு விசாரிப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட அறிஞர் சிலர் இருந்தனர். சிறகிலுள்ள புள்ளிகளை அவர்கள் எண்ணினர். முட்டையின் மேலுள்ள கோடுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து வரைந்தனர். இது வேலையற்றோர் செய்யும் வேலை என்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றக்கூடும். ஆனால், பல நாடுகளில் மக்கள் வாழ்வதும் மடிவதும் அந்தப் புள்ளிகளையும் கோடுகளையும் சரியாகப் படித்தறிவதைப் பொறுத்திருந்தன. அந்த வரலாற்றை இன்று காண்போம்.

பூச்சிகளுள் ஈயும் கொசுவும் இரு சிறகுடைய தொகுதியைச் சேர்ந்தவை. பெரும்பாலான பூச்சிகளுக்கு நான்கு சிறகுகள் இருக்க, இவற்றின் பின் சிறகுகள் இரண்டும் சிறு குமிழ்களாகக் குறுகி, பறக்கும்போது உடலைச் சமநிலையில் நிறுத்த உதவுகின்றன. ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் உயிரினங்களை வரிசைப்படுத்தி வெளியிட்ட நூலில், கொசுவுக்குக் 'க்யூலெக்ஸ்' என்னும் பேரினப் பெயரை வழங்கினார். மனிதனுக்கு ஊர்ப் பெயரும் தன் பெயரும் இருப்பதுபோல, ஒவ்வோர் உயிருக்கும் பேரினப் பெயர் ஒன்றும் இனப்பெயர் ஒன்றும் சேர்த்து வழங்கும் முறை அவரால் நிலைபெற்றது. பின்னர், 1818ஆம் ஆண்டில் மைகன் என்னும் ஜெர்மானியர் கொசுக்களுள் ஒரு பிரிவைத் தனியே எடுத்து, 'அனாபிலிஸ்' என்னும் புதிய பேரினமாக்கினார். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குப் 'பயனற்றது' என்பது பொருள். மனித குலத்திற்கு மிகப் பெருந் தீங்கு இழைத்த பூச்சிக்கு அப்பெயர் வாய்த்தது. அது செய்துவந்த தீங்கை அன்று எவரும் அறியவில்லை.

மலேரியா என்னும் முறைக் காய்ச்சல் சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றினால் உண்டாவது என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். 'மலேரியா' என்னும் இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்பதுதான் பொருள். 1880ஆம் ஆண்டில் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவரான், அல்ஜீரியா நாட்டில், நோயாளியின் இரத்தத்தில் அந்நோயின் கிருமியைக் கண்டார். அக்கிருமி ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்லும் வழி மட்டும் புலப்படவில்லை.

அவ்வழியைத் தேடியவர் ரொனால்டு ராஸ். அவர் 1857ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்து, இந்தியாவில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றியவர். 1895ஆம் ஆண்டு முதல் அவர் நோயாளிகளின் இரத்தத்தைக் கொசுக்களுக்கு ஊட்டி, அக்கொசுக்களின் வயிற்றைக் கீறிப் பார்த்து வந்தார். ஆனால், கொசு இனங்களைப் பாகுபடுத்தும் பயிற்சி அவருக்கு இல்லை. சாம்பல் நிறக் கொசு, வரிக் கொசு என்று தாமே சில பெயர்களை இட்டுக்கொண்டார். அவர் ஓயாது அறுத்துப் பார்த்தவை க்யூலெக்ஸ், ஏடிஸ் ஆகிய பேரினங்களைச் சேர்ந்தவை. மனிதரின் மலேரியாக் கிருமி அக்கொசுக்களின் உடலில் வளர்வதே இல்லை. உழைப்பிலும் கூர்மையிலும் அவரிடம் குறையில்லை. பூட்டுக்கு உரிய சாவியை விட்டு வேறு சாவிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார் என்றே சொல்லவேண்டும். இவ்வாறு இரண்டாண்டுகள் கழிந்தன.

1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சிகந்தராபாதில், புள்ளிச் சிறகுடைய வேறொரு வகைக் கொசு அவருக்குக் கிடைத்தது. ஆகஸ்டு 20ஆம் நாள், அதன் வயிற்றுச் சுவரில் கருநிறத் துகள்களைக் கொண்ட உருண்டைகளை அவர் கண்டார். அத்துகள்கள் மலேரியாக் கிருமிக்கே உரிய அடையாளம். அக்கொசு அனாபிலிஸ் பேரினத்தைச் சேர்ந்தது. மறுஆண்டு கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும் அவர் விளக்கிக் காட்டினார். 1902ஆம் ஆண்டில் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது.

அதே 1898ஆம் ஆண்டில் இத்தாலியில் கிராஸி என்பவர் வேறொரு வழியில் அதே இடத்தை வந்தடைந்தார். அவர் விலங்கியல் அறிஞர். கொசு இனங்களை வேறுபடுத்தத் தெரிந்தவர். மலேரியா உள்ள ஊர்களிலும் இல்லாத ஊர்களிலும் கொசுக்களைச் சேகரித்து ஒப்பிட்டார். இரண்டிடத்திலும் மலிந்திருந்த இனங்களை ஐயப்பட்டியலிலிருந்து நீக்கினார். இறுதியில் அனாபிலிஸின் மீது அவர் ஐயம் நிலைத்தது. பின்னர்த் தம் தோழர்களான பிஞாமி, பாஸ்தியானெல்லி ஆகியோருடன் சேர்ந்து, மனிதரின் மலேரியாவை அனாபிலிஸே பரப்புகிறது என்று நிலைநாட்டினார். கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு உரியது என்று ராஸும் கிராஸியும் பின்னர்க் கடுமையாகப் பூசலிட்டனர். நாம் அப்பூசலுக்குள் புகவேண்டுவதில்லை. மருத்துவரின் அறுவைக் கத்தியும் விலங்கியலாரின் இனமறியும் கண்ணும் ஒன்றையொன்று வேண்டி நின்றன என்பதை அறிந்தால் போதும்.

அதன்பின், உலகில் எத்தனை வகைக் கொசுக்கள் உள்ளன என்னும் கேள்வி அவசரமாயிற்று. குடியேற்ற நாடுகள் பலவற்றிலிருந்தும் கொசுக்கள் இலண்டன் அருங்காட்சியகத்திற்கு அனுப்பப்பட்டன. தியோபால்டு என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, 1901 முதல் 1910 வரை ஐந்து தொகுதிகளாக நூல் வெளியிட்டார். இந்தியாவின் அனாபிலிஸ் கொசுக்களைப் பற்றி ஜேம்ஸ், லிஸ்டன் என்னும் மருத்துவர் இருவர் 1904ஆம் ஆண்டில் தனி நூல் எழுதினர். 1933ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர்ஸ் எழுதிய பெருநூல் இத்துறைக்கு நெடுங்காலம் வழிகாட்டியாக விளங்கியது.

இனங்காணும் முறை இத்தகையது: சுவரில் அமரும்போது க்யூலெக்ஸ் கொசு உடலைச் சுவருக்கு இணையாக வைத்துக்கொள்ளும், அனாபிலிஸ் கொசுவோ சுவரில் தைத்த முள்போல வாற்புறம் தூக்கிச் சாய்ந்து நிற்கும். பெண் அனாபிலிஸின் வாயருகேயுள்ள உணர்தண்டுகள் உறிஞ்சு குழல் அளவே நீண்டிருக்கும். பெண் க்யூலெக்ஸுக்கு அவை மிகக் குறுகியவை. க்யூலெக்ஸின் புழு மூச்சுக் குழலை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அனாபிலிஸின் புழு நீர்ப்பரப்பின்கீழ்ப் படுத்தாற்போலக் கிடக்கும். இவை பேரினத்தை அறியும் அடையாளங்கள். பேரினத்துள் இனத்தை அறிய வேண்டுமாயின், சிறகின் செதில்கள் எவ்விடத்தில் வெண்மை, எவ்விடத்தில் கருமை, கால்களில் புள்ளி உண்டா, உணர்தண்டில் எத்தனை வளையங்கள் என்று படிப்படியாக நோக்கவேண்டும். ஒவ்வொரு படியிலும் இரண்டிரண்டு விடைகள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தால் அடுத்த படிக்கு வழி திறக்கும்; கடைசிப் படியில் பெயர் கிடைக்கும்.

அப்பெயரால் விளைந்த பயனுக்கு மலேயா நாடு நல்ல சான்று. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கு ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைத்தோருள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து கப்பலேறிச் சென்ற தொழிலாளர். காடழித்த இடங்களில் மலேரியா அவர்களைக் கூட்டங்கூட்டமாக வாட்டியது. கிள்ளான் பகுதியில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர், 1901ஆம் ஆண்டு முதல், காட்டை வெட்டிச் சதுப்பு நீரை வடிக்கச் செய்தார். நோய் வியக்கத்தக்க வகையில் தணிந்தது. ஆனால், அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் கையாண்டபோது காடு அழிந்தது, நோயோ பெருகியது.

ஓரிடத்தில் காத்த முறை மற்றோரிடத்தில் கொன்றது ஏன்? இரண்டிடத்துக் கொசுவும் அனாபிலிஸே, இனம் வேறு. கடற்கரைச் சமவெளியில் நோய் பரப்பியது 'அம்ப்ரோசஸ்' என்னும் இனம். அது மரநிழல் படிந்த தேங்குநீரில் வளர்வது. நிழலை நீக்கினால் மறைந்துவிடும். மலைப்பகுதியில் நோய் பரப்பியது 'மாக்குலாட்டஸ்' என்னும் இனம். அது வெயில் படும் தெளிந்த ஓடைநீரை விரும்புவது. மலைக்காட்டை வெட்டியவர்கள் அதற்கு வேண்டிய வெயிலைத் தாமே வழங்கினர். உண்மை விளங்கிய பின், மலை ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தியும், நீரின்மேல் எண்ணெய் தெளித்தும் அந்த இனத்தைக் கட்டுப்படுத்தினர். எல்லாக் கொசுக்களையும் அழிக்க முயல்வதை விடுத்து, தீங்கு செய்யும் ஓர் இனத்தை மட்டும் அறிந்து அதன் பிறப்பிடத்தைக் கெடுக்கும் இம்முறையை டச்சு அறிஞர் ஸ்வெல்லன்கிரேபல் 'இனத் துப்புரவு' என்று பெயரிட்டுப் போற்றினார். அதன் அடிப்படை இனப்பாகுபாடே.

சிறகுப் புள்ளியைப் படிக்கத் தெரிந்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று எண்ணியிருந்த வேளையில், ஐரோப்பாவில் ஒரு புதிர் அறிஞர்களைத் திகைக்க வைத்தது. அங்கு மலேரியாவைப் பரப்பியது 'மாக்குலிபென்னிஸ்' என்னும் அனாபிலிஸ் இனம். அக்கொசு உரோமாபுரியை அடுத்த சதுப்பு நிலத்தில் இருந்தது. அங்கு மலேரியா மக்களைச் சூறையாடியது. அதே கொசு வட இத்தாலியின் பல பகுதிகளிலும் மலிந்திருந்தது. அங்கு மலேரியா இல்லை. ஹாலந்தில் கடலோரத்தில் நோய் இருந்தது. உள்நாட்டில் கொசு இருந்தும் நோய் இல்லை. 'மலேரியா இல்லாத அனாபிலிஸ்' என்று இப்புதிருக்குப் பெயரிட்டனர்.

விளக்கங்கள் பல எழுந்தன. மக்கள் கொயினா மருந்து உண்பதே காரணம் என்றனர் சிலர். வீடுகள் திருந்தியமை காரணம் என்றனர் வேறு சிலர். மாட்டுத் தொழுவங்கள் பெருகியதால் கொசு மனிதரை விட்டு மாட்டைக் கடிக்கிறது என்று கூறியோரும் உளர். பிரெஞ்சு அறிஞர் ரூபோ, கொசுவின் வாயுறுப்பிலுள்ள பற்களை எண்ணி, மிகுந்த பற்களையுடையவை மாட்டின் தடித்த தோலைத் துளைக்கப் பழகியவை என்று கருதினார். ஒவ்வொரு விளக்கமும் சில ஊர்களுக்குப் பொருந்தியது. வேறு சில ஊர்களில் பொய்த்தது.

புதிரை அவிழ்க்கும் நூலிழை 1926ஆம் ஆண்டில் கிடைத்தது. இத்தாலியப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த ஃபல்லெரோனி என்பவர், பெண் கொசுக்களைத் தனித்தனியே அடைத்து முட்டையிடச் செய்தார். கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றிய கொசுக்கள் வெவ்வேறு வகை முட்டைகளை இட்டன. அனாபிலிஸின் முட்டை சிறு படகு போன்றது; இருபுறமும் காற்றடைத்த மிதவைகள் இருக்கும். சில முட்டைகளின் மேல் குறுக்கே கரும்பட்டைகள் இருந்தன. சில முழுவதும் கருமையாக இருந்தன. சிலவற்றின் மிதவைகள் சிறியவை. ஒரு தாய்க் கொசு எப்போதும் ஒரே வகை முட்டையையே இட்டது. அதன் பெண்மக்களும் தாயைப் போலவே இட்டன. எனவே இவ்வேறுபாடு தற்செயலானதன்று, வழிவழி வருவது என்று அவர் உணர்ந்தார். தம் துறையைச் சேர்ந்த லாப்ராங்கா, மெஸ்ஸேயா என்னும் இருவரின் பெயரால் இரண்டு வகைகளுக்கு 'லாப்ராங்கியே', 'மெஸ்ஸியே' என்று பெயரிட்டார்.

அவர் எழுதியது சில ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பின்னர், அமெரிக்கராகிய ஹாக்கெட், இத்தாலியராகிய மிஸ்ஸிரோலி, ஜெர்மானியராகிய மார்ட்டினி ஆகியோர் அதன் அருமையை உணர்ந்து, ஐரோப்பா முழுவதற்கும் அம்முறையை விரித்தனர். ஊர் ஊராக முட்டைகளைச் சேகரித்தனர். கொசுவின் வயிற்றிலுள்ள இரத்தம் மனிதருடையதா மாட்டினுடையதா என்றும் சோதித்தறிந்தனர். 1930களில் புதிர் அவிழ்ந்தது. மாக்குலிபென்னிஸ் என்று ஒன்றாக எண்ணப்பட்டது பல இனங்களின் கூட்டம். அவற்றுள் லாப்ராங்கியே மனிதரைக் கடித்து நோய் பரப்புவது. கடலோரத்து உவர்நீரிலும் வளரவல்லது. மெஸ்ஸியே நன்னீரில் வளர்ந்து பெரும்பாலும் மாட்டையே நாடுவது. ஹாலந்தின் கடலோரத்தில் இருந்தது, வான் தீல் என்பவர் 1927ஆம் ஆண்டில் பெயரிட்ட 'அட்ரோபார்வஸ்'. அது குளிர்காலத்திலும் வீட்டுக்குள் தங்கி, இடையிடையே மனித இரத்தம் உண்பது. உள்நாட்டு மெஸ்ஸியே குளிர்காலம் முழுவதும் உண்ணாது உறங்குவது. ஒரு முகம், ஒரு சிறகு, ஒரு பெயர். ஆயினும் வாழ்வு வேறு, உணவு வேறு, தீங்கு வேறு.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழலாம். உருவம் ஒன்றாயிருக்க, அவற்றை வெவ்வேறு இனம் என்று எவ்வாறு கூறுவது? நம் வழக்கில் 'கொள்வினை கொடுப்பினை' என்று ஒரு தொடர் உண்டு. ஒரே ஊரில், ஒரே தொழுவத்தின் சுவரில் அமர்ந்திருந்தும், தம்முள் கொள்வினை கொடுப்பினை இல்லாமல் தனித்தனியே இனம் பெருக்கி வாழும் கூட்டங்களை இயற்கை வேறாகப் பிரித்துவிட்டது என்றே கொள்ளவேண்டும். நம் கண்ணுக்கு அப்பிரிவு தெரியாமை கண்ணின் குறையேயன்றி இயற்கையின் குறையன்று. ஆப்பிரிக்காவின் கொடிய 'காம்பியே' கொசுவைக் கலந்து வளர்த்துப் பார்த்தபோதும் இவ்வுண்மையே வெளிப்பட்டது. சில கூட்டங்களைக் கலந்தால் பிறக்கும் ஆண் கொசுக்கள் மலடாயின. 1960களில், அதுவும் பல இனங்களின் தொகுதி என்று துணிந்தனர். அவற்றுள் ஒன்று மனிதரை விடாது தொடர்வது. மற்றொன்று விலங்குகளை நாடி நோய் பரப்பாது வாழ்வது.

இக்கதையின் ஓர் அத்தியாயம் நம் வாசலிலேயே நிகழ்ந்தது. இந்தியாவின் ஊர்ப்புறங்களில் மலேரியாவைப் பரப்புவதும், இலங்கையில் அதனைப் பரப்பிவந்ததும் 'கியூலிசிஃபேசீஸ்' என்னும் அனாபிலிஸ். 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்து இலங்கையின் ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் இக்கொசு அளவிறந்து பெருகிற்று. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் பரவிய கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர்.

1980ஆம் ஆண்டு முதல் அறிஞர்கள் இக்கொசுவின் சூலக உயிரணுக்களிலுள்ள குரோமோசோம்களை ஆராய்ந்தனர். அவற்றில் காணும் பட்டைகளின் வரிசையைக் கொண்டு, கியூலிசிஃபேசீஸும் பல இனங்களின் கூட்டமே என்று கண்டு, ஏ, பி, சி, டி என்று எழுத்துகளால் குறித்தனர். அவற்றுள் பி இனம் பெரும்பாலும் மாட்டையே நாடுவது. மலேரியாவைப் பரப்புவதில் மிகவும் வலுவற்றது. ஆனால், இராமேசுவரம் தீவில் பி இனமே இருப்பதாகத் தோன்றியது, மலேரியாவும் இருந்தது. இலங்கையிலும் அவ்வாறே. இத்தாலியின் பழைய புதிர் சேதுக்கரையில் தலைகீழாக எழுந்து நின்றது: அங்கே கொசு இருந்தும் நோய் இல்லை, இங்கே தீங்கற்றது என்று கருதிய கொசுவுடன் நோய் இருந்தது.

விடையும் முன்போலவே அமைந்தது. ஆண் கொசுவின் ஒய் குரோமோசோமை நுணுகி நோக்கியபோது, இரண்டு வடிவங்கள் காணப்பட்டன. பி என்று கருதிய கொசுக்களுள், மனிதரை நாடி நோய் பரப்பும் தனி இனம் ஒன்று மறைந்திருந்தது. இராமேசுவரத்தில் கண்ட அவ்வினத்திற்கு 1999ஆம் ஆண்டில் 'இ' என்னும் எழுத்து வழங்கப்பெற்றது. இலங்கையிலும் அவ்வினம் இருப்பது பின்னர்த் தெரிந்தது. பல்லாண்டு உழைப்பின் பயனாக, 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது.

ஆனால் காவல் முடிந்துவிடவில்லை. சென்னை போன்ற நகரங்களில் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் வளரும் 'ஸ்டெஃபென்ஸி' என்னும் அனாபிலிஸ் இனம், 2012ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நாட்டில் தோன்றியது. மலேரியா பெரும்பாலும் நாட்டுப்புற நோயாக இருந்த ஒரு கண்டத்தின் நகரங்களை அது அச்சுறுத்துகிறது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் மன்னாரிலும் அதனைக் கண்டனர். நீர்நிலைகளில் கொசுப்புழுவை முகந்து, இது இன்னது, இது புதிது என்று வேறுபடுத்தத் தெரிந்தவர் அங்கே இருந்தமையால்தான் அதன் வரவு வெளிப்பட்டது.

இன்று உலகில் அறியப்பட்ட கொசு இனங்கள் ஏறத்தாழ 3,500. அவற்றுள் அனாபிலிஸ் 450க்கு மேற்பட்டவை. மனிதருக்கு மலேரியாவைப் பரப்ப வல்லவை அவற்றுள் ஒரு சிறு பகுதியே. அச்சிறு பகுதியைப் பிரித்தறிய, முதலில் சிறகைப் பார்த்தனர். பின்னர் முட்டையைப் பார்த்தனர். அதன்பின் குரோமோசோமைப் பார்த்தனர். இப்போது மரபணுவின் எழுத்துகளையே படிக்கின்றனர். கருவிகள் மாறின, கேட்ட கேள்வி மாறவில்லை. 'ஒன்றுபோலத் தோன்றும் இவை உண்மையில் ஒன்றுதானா?' என்பதே அக்கேள்வி.

மாணவ நண்பர்களே, இன்றிரவு உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கொசு அமர்ந்திருக்கக் கண்டால், அடிப்பதற்கு முன் ஒரு கணம் உற்று நோக்குங்கள். அது சுவருக்கு இணையாக அமர்ந்திருக்கிறதா, முள்போலச் சாய்ந்து நிற்கிறதா? அந்த ஒரு கணத்து நோக்கு ராஸுக்கு இரண்டாண்டுகளை மிச்சப்படுத்தியிருக்கும். மலேயாவின் மலைத்தோட்டங்களில் மாண்ட நம் தொழிலாளர் பலரை அது காத்திருக்கவும் கூடும்.